விண்வெளியில் ஏது வடக்கு?

அத்தியாயம் ஆறு

"விண்வெளியில வடக்கு எந்தப் பக்கம் மாரி?"

ஜெபஷீலா இப்படிக் கேட்டபோது மாரிசெல்வத்தின் வாயில் பாதி உளுந்த வடை இருந்தது. மீதிப் பாதியைக் காகிதத்தில் வைத்துவிட்டு நிதானமாக மென்று முடித்தான்.

"அங்கன போய்ட்டு வந்த ஆளுகளைத்தான் கேக்கணும் அக்கா. நான் உசரத்துக்குப் போனதே மேகமலை வரைக்கும்தான். அதுக்கே வழியெல்லாம் வாந்தி."

தேனி கடைவீதியில், அண்ணனின் ஜவுளிக்கடைக்கு மேலே இருக்கிறது ஜெபஷீலாவின் துப்பறியும் நிலையம். பலகையில் எழுத்து பெரிது, உள்ளே வேலை சிறிது. பத்து வழக்கில் ஒன்பது, மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்று ஊருக்குள் போய் விசாரிக்கிற வழக்கு. பன்னிரண்டு வருஷமாக அதைக் குறையில்லாமல் செய்து வருகிறாள். மாரிசெல்வம் அவளிடம் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன் ஷேர் ஆட்டோ ஓட்டினான். ரெண்டு வேலைக்கும் வாய்தான் மூலதனம் என்பது அவன் கட்சி.

பத்தாவது வழக்கு இப்போது மேசைமேல் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அது அவளை மூன்று ராத்திரியாகத் தூங்க விடவில்லை.

உத்தமபாளையத்துத் திரிஷாவுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். போன வியாழக்கிழமை காலை கல்லூரிக்குக் கிளம்பியவள் வீடு திரும்பவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. ஆனால் மறுநாளிலிருந்து தினமும் காலை ஏழே முக்காலுக்கு, எப்போதும்போல, யூடியூப் லைவில் வருகிறாள். 'பாளையம் டு செவ்வாய்' என்று ஒரு சேனல் வைத்திருக்கிறாள். விண்கலம் ஓட்டுகிற சிமுலேட்டரைக் கம்ப்யூட்டரில் போட்டு, தமிழில் சொல்லிச் சொல்லி ஓட்டிக் காட்டுவாள். முகம் தெரியாது. குரலும், கலத்தின் முன்கண்ணாடியும்தான். நாலாயிரம் பேர் பார்க்கிறார்கள். சென்னையில் ஹாஸ்டலில் நன்றாக இருப்பதாக முதல் நாளே சொல்லிவிட்டாள். போலீஸில் அதைப் பார்த்துவிட்டு, மேஜரான பெண் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள், நாங்கள் என்ன செய்வது என்று அனுப்பிவிட்டார்கள்.

தாய்மாமன் தவசிதான் சனிக்கிழமை மாடியேறி வந்தார். கம்பத்தில் வாழைமண்டி வைத்திருப்பவர். திரிஷாவின் அப்பா சுந்தரலிங்கம் இறந்த பிறகு அந்த வீட்டுக்கு நல்லது கெட்டது பார்ப்பவர் அவர்தான். அவ்வளவு பெரிய மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"எவனோ பிள்ளையத் தூக்கிட்டுப் போய், மிரட்டிப் பேச வைக்கிறான் தாயி. சிரிப்பா அது. எனக்குத் தெரியாதா எங்க பிள்ள சிரிப்பு."

ஜெபஷீலா அன்று ராத்திரியே லைவைப் போட்டுக் கேட்டாள். அவளுக்கும் அந்தச் சிரிப்பில் ஏதோ குறைந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. யாரோ பழைய பதிவுகளை எடுத்து லைவ் என்று ஓட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு என்ன அத்தாட்சி? அதை அவள் மாரியிடம்கூடச் சொல்லவில்லை.

"இந்தப் பச்சைக் கோடுகளைப் பாரு. இதுக்குப் பேரு ஹட்."

"ஹட்டுன்னா குடிசையில்ல அக்கா?"

"அது வேற. விமானம் ஓட்டுறவுகளுக்கு முன்கண்ணாடியிலயே வேகம், உயரம் எல்லாம் எழுத்தா விழும். குனிஞ்சு மீட்டரப் பாக்க வேண்டாம். இவ மூணு விதமா மாத்துறா. தரைக்குப் பக்கத்துல பறக்க ஒண்ணு, அதுல திசைகாட்டி ஓடும். பூமியச் சுத்த ஒண்ணு. இன்னொரு கலத்தோட போய் ஒட்ட ஒண்ணு. அந்தக் கடைசி ஹட்டுல திசைகாட்டியே கிடையாது. ஒரு கூட்டல் குறி, ஒரு வட்டம். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்தா ஒட்டிரும். அம்புட்டுத்தான். இப்பக் கேளு."

திரையில் கூட்டல் குறி வலது பக்கம் நழுவியது. திரிஷாவின் குரல் வந்தது. "மூக்கு வடக்க போகுது பாருங்க. லேசா தெக்க இழுப்போம்."

"இதுல என்ன அதிசயம்?" என்றான் மாரி. "நம்ம பக்கத்துல எல்லாரும் இப்படித்தான பேசுறோம். எங்க அத்தை பல் டாக்டர்கிட்டப் போய் மேக்க கடவாப் பல்லு வலிக்குதுன்னு சொல்லுச்சு. அவரு நாற்காலியத் திருப்பிப் போட்டாரு. இப்ப அத்தைக்குக் கிழக்கப் பல்லு இல்ல."

"அதேதான் மாரி. கண்ணு முன்னால திசைகாட்டி இல்ல. விண்வெளியில வடக்கும் இல்ல. அப்ப அவ சொல்ற வடக்கு, அவ உக்காந்திருக்குற எடத்தோட வடக்கு."

அவள் போன மாதத்துப் பதிவு ஒன்றை ஓட்டினாள். அதிலும் கலம் வலது பக்கம் நழுவியது. "மூக்கு தெக்க போகுது," என்றாள் திரிஷா.

மாரி எழுந்து நின்று, கிழக்கே பார்த்துத் திரும்பி வலக்கையை நீட்டினான். தெற்கு. மேற்கே திரும்பி நீட்டினான். வடக்கு. கடைக்கு வந்த ஒரு அம்மாள் படியில் நின்று அவனைக் கவலையோடு பார்த்துவிட்டுக் கீழே போனாள்.

"போன மாசம் கிழக்க பாத்து உக்காந்திருக்கா, இப்ப மேக்க பாத்து. அப்ப எடம் மாறியிருக்கு."

"மாறியிருக்கு. இது பழைய பதிவு இல்ல," என்றாள் ஜெபஷீலா. மூன்று நாளில் அன்றுதான் அவள் மூச்சை முழுதாக விட்டாள். பெண் உயிரோடு இருக்கிறாள். யார் கையில் இருக்கிறாள் என்பதுதான் இனிக் கேள்வி.

இன்னொன்றும் இருந்தது. புது லைவ்களில் காலை எட்டு பத்துக்கு ஹட் பச்சையிலிருந்து வெள்ளையாக மாறியது. வெள்ளிக்கிழமை, ஞாயிறு, திங்கள், இன்று செவ்வாய், எல்லா நாளும் ஒரு நிமிஷம் முன்னே பின்னே அதே நேரம். சனிக்கிழமை மட்டும் மாறவில்லை. பழைய பதிவுகளில் எப்போதும் பச்சைதான்.

"சிக்னல் குடுக்குது பிள்ள," என்றான் மாரி. "பச்சைன்னா காவக்காரன் இல்ல, வெள்ளைன்னா வந்துட்டான். சனிக்கிழமை அவனுக்கு லீவு."

அது விளையாட்டாகச் சொன்னதா நிஜமா என்று அவனுக்கே தெரியவில்லை. ஜெபஷீலா அதையும் குறித்துக்கொண்டாள்.

*

மறுநாள் புதன்கிழமை காலை ஏழரைக்கு உத்தமபாளையத்து வீட்டில் இருந்தார்கள். திரிஷாவின் அறை என்று மாடிக் கூடத்தின் ஒரு மூலையைக் காட்டினார் தவசி. கதவு கிடையாது, ஒரு பூப்போட்ட திரைச்சீலைதான் மறைப்பு. கிழக்குச் சுவரை ஒட்டி மேசை இருந்தது. லேப்டாப்பும் கலம் ஓட்டுகிற ஜாய்ஸ்டிக்கும் இருந்த இடத்தில் தூசியில்லாத இரண்டு சதுரங்கள். கணக்குச் சரியாக இருந்தது. இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வலது கை தெற்கே போகும்.

அம்மா மலையம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். தவசி நாற்காலியில் இருக்கும்வரை அவள் உட்காரவில்லை, கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"பித்துப் பிடிச்சவ மாதிரி ஆயிட்டா," என்றார் தவசி. "தெனமும் விடிஞ்சதும் முதல் பஸ்ஸுக்குச் சுருளிக் கோயிலுக்குப் போயிர்றா, வேண்டுதலாம். இன்னைக்கு நீங்க வாரீகன்னு நான்தான் இருக்கச் சொன்னேன்."

ஏழே முக்காலுக்கு லைவ் தொடங்கியது. மாரி தன் போனை மேசையில் சாய்த்து வைத்தான். திரிஷாவின் குரலைக் கேட்டதும் மலையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கலம் மெதுவாகப் பெரிய நிலையத்தை நோக்கிப் போனது. தவசிக்கு மண்டியிலிருந்து அழைப்பு வந்து வெளியே போனார். மணி எட்டு பத்து. ஹட் வெள்ளையாகியது.

"கதவச் சாத்துன்னா கேக்குறாளா," என்று மலையம்மாள் தனக்குள் முணுமுணுத்தாள்.

ஜெபஷீலாவின் காதில் அது விழுந்தது. ஆனால் மனதில் விழவில்லை. காரணம், அந்த நேரத்தில் அவள் கண் அலமாரிக்குக் கீழே போயிருந்தது. அங்கே மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்று இருந்தது. மேலே இருந்ததை எடுத்தாள். மணமகன் சசிதரன், தவசியின் மகன். மணமகள் திரிஷா. முகூர்த்தம் வெள்ளிக்கிழமை காலை.

தவசி திரும்பி வந்ததும் அதைக் காட்டினாள். "இதை நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்ல."

"வீட்டு விசேஷம் தாயி, அதை என்னத்தச் சொல்ல. காது குத்துனப்ப என் மடியில வச்சே பேசி முடிச்சது. ஆயிரம் பத்திரிகை குடுத்தாச்சு. வெள்ளிக்கெழமைக்குள்ள பிள்ள வீடு வந்து சேரணும். கண்டுபிடிச்சிருவீகளா?"

அவர் குரலில் அழுகை இருந்தது. கண்ணில் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் போடியிலிருந்து ஒரு அப்பா இதேபோல வந்து அழுதார். ஜெபஷீலா அவருடைய மகளைத் திருப்பூரில் கண்டுபிடித்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஒப்படைத்தாள். வேலை கச்சிதம் என்று பாராட்டினார்கள். நாற்பது நாள் கழித்து அந்தப் பெண்ணின் கண்ணீர் அஞ்சலித் தட்டியைத் தெருமுக்கில் பார்த்தாள். அதற்குப் பிறகு பல நாள் அவளால் ஜெபத்தில்கூட கண்ணை மூட முடியவில்லை. ஆனாலும் இது வேறாக இருக்கலாமே. ஒருவேளை நிஜமாகவே யாராவது பிடித்து வைத்திருந்தால், சந்தேகப்பட்டு விட்டுவிட்டுப் போனது அதைவிடப் பாவம் ஆகுமே. தெளிவில்லாமல்தான் படியிறங்கினாள்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் டீக்கடை. வெயில் முதுகில் சுட்டது. தாம்பரத்தில் இருக்கும் தன் அக்காவை ஹாஸ்டல்களில் விசாரிக்கச் சொல்லியிருந்தாள்; ஏதாவது செய்தி உண்டா என்று போனைத் திறந்தாள். திரையில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. கையால் மறைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டினாள். கூட்டிய விரல் அப்படியே நின்றது.

"மாரி, சனிக்கிழமை வானம் எப்படி இருந்துச்சு?"

"நாள் பூரா மோடம் போட்டுக்கெடந்துச்சு, பொட்டு வெயில் இல்ல. துவைச்சுப் போட்ட பேண்ட்டு ஞாயித்துக்கெழமைதான் காஞ்சது. அதைக் கேஸுல சேக்கணுமா?"

"சேக்கணும். அவ மேக்க பாத்து உக்காந்திருக்கா. முதுகுக்குப் பின்னால கிழக்கு. எட்டு பத்துக்கு வெயில் திரையில விழுது. பச்சை தெரியல. வெள்ளைக்கு மாத்துறா. சனிக்கிழமை வெயில் இல்ல, மாத்தல."

தாம்பரத்து அக்காவை அழைத்துக் கேட்டாள். சென்னையில் சனிக்கிழமை நல்ல வெயில்.

"ஆக சென்னை பொய்," என்றான் மாரி. "ஆனா எட்டு மணி வரைக்கும் வெயில் எங்கன போயிருந்துச்சு? நம்மூர்ல ஆறே முக்காலுக்கே மண்டையப் பொளக்குதே."

ஜெபஷீலா கிழக்கே நிமிர்ந்து பார்த்தாள். மேகமலை நீலமாக நின்றது. அதன் காலடியில் இருக்கிற ஊர்களுக்கு விடிந்தாலும் வெயில் வராது. மலை அனுமதிக்கிறபோதுதான் வரும்.

*

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜெபஷீலா வழக்கம்போல ஒரு வேலை செய்தாள். அன்றைக்கு எங்கே போகிறாள் என்பதைக் கட்சிக்காரரான தவசிக்கு வாட்ஸப்பில் குரல் செய்தியாக அனுப்பினாள். பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம், கை தானாகச் செய்தது. "இன்னைக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் பாக்குறோம்யா. கிழக்கு அடிவாரம்." அனுப்பிவிட்டு பைக்கில் ஏறினாள்.

கம்பத்தைத் தாண்டிச் சுருளிப்பட்டிச் சாலையில் திரும்பியபோது மணி ஏழே முக்கால். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். அவர்கள் நின்ற இடத்தில் வெயில் வந்துவிட்டது. ஆனால் கொஞ்சம் தள்ளிக் கிழக்கே, மலையின் நிழல் தோட்டங்களின் மேல் கறுப்பாகப் படுத்திருந்தது. அதன் ஓரம் அடிவாரத்தைப் பார்த்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"நிழல் ஓரத்தோடயே போ. அதைத் தாண்டாத, பிந்தாத. எட்டு பத்துக்கு அது எங்கன நிக்குதோ, அங்கன கிழக்க வாசல் வச்ச ஒரு ரூமு இருக்கும்."

"இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன் அக்கா. நிழலுக்கு எஸ்கார்ட் போறது இதுதான் முதல் தடவை."

மண் பாதையில் வண்டி ஊர்ந்தது. மாரியின் சட்டைப் பையில் லைவ் ஓடிக்கொண்டிருந்தது. நிழல் ஒரு கிணற்றைத் தாண்டியது, ஒரு தென்னை வரிசையைத் தாண்டியது. எட்டு ஒன்பது. பாதை முடிகிற இடத்தில், பந்தலுக்குள் ஒரு மோட்டார் ரூம். மலையைப் பார்த்து வாசல். நிழல் அதன் சுவரை விட்டு இறங்கியது. வெயில் திறந்த கதவுக்குள் நுழைந்தது.

"ஹட் வெள்ளையாயிருச்சு அக்கா," என்றான் மாரி, பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்து.

ஜெபஷீலா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கிப்போன நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது: எம். சுந்தரலிங்கம் தோட்டம்.

திரிஷாவின் செத்துப்போன அப்பா. நேற்றுக் காதில் விழுந்து மனதில் விழாமல் நின்ற சொல் இப்போது விழுந்தது. கதவச் சாத்துன்னா கேக்குறாளா. அந்த மாடி அறைக்குக் கதவே கிடையாது. ஹட் வெள்ளையானதும் மகள் முதுகுக்குப் பின்னால் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் முதல் பஸ்ஸில் சுருளிக்குப் போய் வேண்டுதல். பிள்ளையை யாரும் தூக்கவில்லை. பெற்றவளே அண்ணனுக்குப் பயந்து ஒளித்து வைத்திருக்கிறாள்.

அவள் பதறிப்போய் போனை எடுத்தாள், காலையில் அனுப்பிய செய்தியை அழிக்க. அதன் கீழே இரண்டு நீல டிக்.

"என்னக்கா?"

"அவருக்கு எடத்தச் சொல்லிட்டேன் மாரி. நானே சொல்லிட்டேன்." போடிப் பெண்ணின் முகம் தட்டியில் பார்த்த மாதிரியே வந்து நின்றது.

அவள் வாசலுக்கு ஓடினாள். உள்ளே, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, ஒரு மெலிந்த பெண் உரச்சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஜெபஷீலாவின் உடம்பு வெயிலை மறைத்ததும் லேப்டாப் திரையில் அந்தக் கோடுகள் பளிச்சென்று எழுந்தன. பெண் திரும்பவில்லை. மைக்கை விரலால் மூடிக்கொண்டு சொன்னாள்.

"யம்மா, அப்படியே நில்லு, கதவச் சாத்துனாப் புழுங்குது. இப்பத்தான் ஹட் நல்லாத் தெரியுது."

"நான் அம்மா இல்லம்மா," என்றாள் ஜெபஷீலா.

திரிஷா திரும்பினாள். பயந்தவள் கத்தவில்லை. மைக்கை அணைத்தாள், அவ்வளவுதான்.

"மாமா அனுப்புனாரா?"

"ஆமா. எனக்கு விஷயம் தெரியாது. இப்பத் தெரியும். அவரு வந்துக்கிட்டு இருக்காரு, என்னாலதான். எதுக்கும்மா ஒளிஞ்சிருந்துக்கிட்டு லைவ்ல வந்த?"

"வராட்டி, எவனோ தூக்கிட்டான்னு மாமா ஊரையே கூட்டியிருப்பாரு. தெனமும் வந்தா, நான் உசிரோட இருக்கேன்னு நாலாயிரம் பேருக்குத் தெரியும். ஒரு நாள் வரலைன்னா கேப்பாக. எனக்குக் காவலுன்னா அதான்." லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அம்மாவுக்கு மாமா முகத்துக்கு நேரா நின்னு பேச வராது. என்னைய ஒளிச்சு வைக்கத்தான் தெரிஞ்சது. தோட்டத்தக் குத்தகை எடுத்தவுக பழம் வெட்டுக்குத்தான் வருவாக. நாளைக்கு முகூர்த்தம் தாண்டிட்டாப் போதும்னு இருந்தோம்."

வெளியே மாரியின் குரலில் முதல் தடவையாக விளையாட்டு இல்லை. "அக்கா, வெள்ளை ஜீப்பு. பாதைக்குள்ள திரும்பிருச்சு."

போக ஒரே பாதைதான். பின்னால் மலை. திரிஷா எழுந்துவிட்டாள். ஜெபஷீலா அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஓடாத. ஓடுனா அவரு சொன்னதுதான் கதை. திரும்பி உக்காரு. மைக்கப் போடு. உன் வேலையப் பாரு."

"ஹட் தெரியாதுக்கா, வெயிலு."

"தெரியும். அவரு வந்து நிப்பாரு."

ஜெபஷீலா கதவின் பின் மூலையில் ஒண்டிக்கொண்டாள். திரிஷா மைக்கைப் போட்டுவிட்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தாள். வெயிலில் திரை வெளுத்துக் கிடந்தது. ஜீப் கதவு அடைபடும் சத்தம். செருப்புச் சத்தம். பிறகு கூட்டல் குறி கூர்மையாகத் தெரிந்தது, வட்டம் தெரிந்தது, எண்கள் எல்லாம் தெரிந்தன. வாசலில் ஆள் நிற்கிறது என்று திரும்பாமலே தெரிந்துகொள்ளும்படி தெரிந்தன.

"எந்திரி," என்றார் தவசி.

"யாரு?" என்றாள் திரிஷா, திரையைப் பார்த்தபடியே.

"உங்க மாமன் தவசி. வேற எவன் வருவான் இங்கன. எத்தனை பேரு முன்னாடி என் தலையக் குனிய வச்சுட்ட. இப்பக் கேட்டுக்க. நாளைக்குக் காலையில நீ மணவறையில உக்காரணும், இல்லாட்டி உங்க அப்பனப் பொதைச்ச எடத்துக்குப் பக்கத்துல படுக்கணும். ரெண்டுல ஒண்ணு. அந்தப் பொட்டிய மூடு."

திரிஷா மூடவில்லை. "தெக்க கொஞ்சம் போகுது," என்று மெல்லச் சொன்னாள். கலத்தை வலது பக்கம் திருத்தினாள்.

தவசி ஒரு கால் உள்ளே வைத்தார். மூலையிலிருந்து ஜெபஷீலா வெளியே வந்து குறுக்கே நின்றாள். அவரைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் நின்றாள்.

"உங்க வேலை முடிஞ்சது தாயி. தள்ளுங்க."

"கொஞ்சம் பொறுங்கய்யா," என்றான் மாரி அவருக்குப் பின்னாலிருந்து. போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். "இது அரை நிமிஷம் பிந்தி வரும். உங்க பேச்ச நீங்களே கேக்க வேணாமா?"

போனில் ஒரு ஆணின் குரல் வந்தது. *உங்க மாமன் தவசி. வேற எவன் வருவான் இங்கன.* அந்தக் குரல் முழுவதையும் சொன்னது. பெயரையும், மணவறையையும், அப்பனைப் புதைத்த இடத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னது. பந்தலுக்குள் அது நன்றாகக் கேட்டது. திரையின் ஓரத்தில், நாலாயிரமாக இருந்த எண் ஒன்பதாயிரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

தவசி தன் குரலை அதற்குமுன் வெளியிலிருந்து கேட்டதில்லை போலிருக்கிறது. ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றார். அடிப்பாரோ என்று ஜெபஷீலா நினைத்தாள். அவருக்கே அது தெரியவில்லை.

"அண்ணே."

பாதையில் மலையம்மாள் தூக்குவாளியோடு நின்றாள். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு இரைத்தது. அவளும் கேட்டிருக்கிறாள். தூக்குவாளியை ஒரு கல்லின் மேல் சாயாமல் வைத்துவிட்டு, நேராக வந்து அவர் முகத்துக்கு முன்னால் நின்றாள்.

"வாசல விட்டுத் தள்ளி நில்லுங்க. கதவச் சாத்தணும்."

"என்னது?"

"பிள்ளைக்கு வெயிலடிக்குது. தள்ளுங்கண்ணே."

கீழ்ப்படிகிற எண்ணத்தில் அவர் நகரவில்லை. தங்கை தன்னிடம் இப்படிப் பேசிக் கேட்டதே இல்லை என்பதால், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். அந்த ஒரு எட்டு போதுமாக இருந்தது. மலையம்மாள் உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மாரி வெளியே, கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

அறை இருண்டது. திரையில் கோடுகள் மட்டும் ஒளிர்ந்தன. வெளியே வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதியில் ஜெபஷீலா நாளைக் காலையை நினைத்துப் பார்த்தாள். பாதுகாப்புக் கேட்டு உத்தமபாளையத்துக் கோர்ட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது, அதுவரை இவர்களை எங்கே உட்கார வைப்பது. முகூர்த்தம் இன்னும் தாண்டவில்லை. கடைசியில் ஜீப் உறுமியது. மலையம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"மேக்க போகுது," என்றாள். "ஊருக்குத்தான்."

கூட்டல் குறி வட்டத்துக்குள் உட்கார்ந்தது. கலம் நிலையத்தோடு ஒட்டிக்கொண்ட மெல்லிய சத்தம் கேட்டது. திரிஷா ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

"வெயில் வந்தாக் கதவச் சாத்துன்னு ஆறு நாளாச் சொல்றேன், கேக்குறாளா," என்றாள் மலையம்மாள் ஜெபஷீலாவிடம், அழுதுகொண்டே. "சாத்துனாத்தான தெரியும்."